ஒரு மா நிலத்துக்கு 12 மூட்டை நெல் கண்ட தாக்கு (வயல்) 9-க்கு வந்துவிட்டது. யூரியா குறையவில்லை, மண்ணில் எது குறைந்தது?

கோரையாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் நீடாமங்கலம் பக்கம். மாமனாருக்குப் பிறகு நிலம் என் பொறுப்பில் இருக்கிறது. வீட்டுக்காரர் வெளியூரில் வேலை, நடவுக்கும் அறுப்புக்கும்தான் வருவார்.

இரண்டு இடத்தில் நிலம். வீட்டுக்குப் பின்னால் கொல்லை வயல் 4 மா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய தாக்கு 9 மா, அதாவது 3 ஏக்கர். இரண்டும் களிமண்தான். ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே விதை (சி.ஆர். 1009 சப் 1 நெல்), ஒரே ஆள் நடவு, ஒரே உரம். குறுவை போடுவதில்லை. சம்பா மட்டும், தண்ணீர் இருந்தால் பின்னால் உளுந்து.

பெரிய தாக்கில் மாமனார் காலத்தில் மாவுக்கு 12 மூட்டை (60 கிலோ மூட்டை) சாதாரணமாக வரும். இப்போது 9 வந்தால் பெரிது. கொல்லை வயல் மட்டும் அப்படியே 11, 12 என்று நிற்கிறது.

உரத்தில் குறை வைக்கவில்லை. ஏக்கருக்கு டி.ஏ.பி. ஒரு மூட்டை அடியுரம். யூரியா முன்பு இரண்டு மூட்டை, விளைச்சல் குறைய ஆரம்பித்ததும் மூன்றாக்கிவிட்டேன். பொட்டாஷ் மாமனார் போடுவார். மூட்டை 1,700 ரூபாய்க்கு ஏறியபோது எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டோம், நானும் அதில் ஒருத்தி.

பயிரில் தெரிவது இது: நட்ட மூன்றாம் வாரத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கும், அடி இலையில் துரு மாதிரிப் புள்ளி. யூரியா போட்டதும் பச்சை கட்டி எழுந்துவிடும். பொதிப் பருவத்தில் பழைய இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் காய ஆரம்பிக்கும். கதிர் வந்த பிறகு ஒரு காற்று அடித்தால் போதும், படுத்துவிடுகிறது. தூற்றினால் கருக்காய் பறக்கிறது.

மண்வள அட்டை வந்தது. எனக்கும் எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் எல்லா எண்ணும் ஒன்றே. அதை வைத்து என்ன செய்வது?

இன்னொன்று, சம்பந்தம் உண்டா தெரியாது. பெரிய தாக்கு வைக்கோலை மிஷின் வைத்துக் கட்டுப் போட்டு லாரிக்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பணம் அறுப்பு மிஷின் வாடகைக்குச் சரியாகப் போய்விடும். கொல்லை வயல் வைக்கோல் எங்கள் மாட்டுக்கு.

---

பைபாஸ் எழுதியது:

உரக்கடையில் இருப்பவன் சொல்கிறேன். அந்தத் திட்டும் துருப்புள்ளியும் ஜிங்க் (துத்தநாகம்) பற்றாக்குறை, இதில் சந்தேகமே வேண்டாம். ஏக்கருக்கு ஜிங்க் சல்பேட் 10 கிலோ, 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, நடவுக்குச் சற்று முன் மேலாக வீசிவிடுங்கள். டி.ஏ.பி.யோடு சேர்த்துக் கலக்கக் கூடாது, இரண்டும் பிடித்துக்கொண்டு பயிருக்கு எட்டாமல் போய்விடும். சாய்வதற்குக் காரணம் மூன்று மூட்டை யூரியா. குறையுங்கள்.

---

கீழவெளி எழுதியது:

அக்கா, இரசாயனத்தால் மண் செத்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். யூரியாவை மொத்தமாக நிறுத்துங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாசன நீரில் விடுங்கள். நான் பாரம்பரிய ரகம்தான் போடுகிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை.

---

மண்வெட்டி எழுதியது:

கோரையாறு அம்மா, கடைசியில் "சம்பந்தம் உண்டா தெரியாது" என்று ஒரு பத்தி எழுதினீர்களே, மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே உரம், இரண்டு வயல், இரண்டு விளைச்சல். வித்தியாசம் என்று நீங்களே சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ஒரு வயலின் வைக்கோல் ஊரை விட்டுப் போகிறது, இன்னொன்றின் வைக்கோல் உங்கள் வீட்டிலேயே சுற்றுகிறது. லாரியில் என்ன ஏறிப் போகிறது என்று பார்ப்போம்.

நெல் மண்ணிலிருந்து எடுக்கும் சத்து ஒரே இடத்தில் சேர்வதில்லை. தழைச்சத்தில் (நைட்ரஜன்) பாதிக்கு மேலும், மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) முக்கால் பங்கு போலவும் நெல்மணிக்குப் போகும். சாம்பல் சத்து (பொட்டாசியம்) நேர் எதிர், அதில் முக்கால் பங்குக்கு மேல் தாளிலேயே தங்கிவிடும். ஆக, நெல்லை விற்றால் தழையும் மணியும் போகிறது, வைக்கோலை விற்றால் சாம்பல் சத்து போகிறது. இரண்டையும் விற்றால் மூன்றும் போகிறது. நீங்கள் யூரியாவிலும் டி.ஏ.பி.யிலும் திருப்பிப் போடுவதோ தழையும் மணியும் மட்டும்.

கணக்கு போட்டே பார்க்கலாம். மாவுக்கு 12 மூட்டை என்றால் ஏக்கருக்கு 2 டன்னுக்குக் கொஞ்சம் மேல் நெல், கிட்டத்தட்ட அதே எடைக்குத் தாள். பெல்ட் மிஷின் அறுக்கும்போது அடித்தாள் நின்றுவிடும், கட்டுக்குப் போவது ஒன்றரை டன் என்று வையுங்கள். வைக்கோலில் பொட்டாசியம் சுமார் ஒன்றரை சதவீதம். அப்படியானால் 22, 23 கிலோ. உரக் கணக்கில் பொட்டாஷை ஆக்சைடாகச் சொல்வது வழக்கம், அப்படி மாற்றினால் 27 கிலோ. கடையில் விற்கும் பொட்டாஷில் 60 சதவீதம்தான் சத்து, எனவே 45 கிலோ பொட்டாஷ் உரம். ஏறக்குறைய ஒரு மூட்டை! ஒவ்வொரு வருடமும் ஏக்கருக்கு ஒரு மூட்டை பொட்டாஷை லாரியில் ஏற்றி அனுப்புகிறீர்கள்.

சம்பாவுக்குச் சிபாரிசு எக்டேருக்கு 150:50:50 (தழை, மணி, சாம்பல் சத்து, கிலோவில்). ஏக்கருக்கு 60:20:20. அந்த 20 கிலோ சாம்பல் சத்துக்கு 33 கிலோ பொட்டாஷ் போதும். அதாவது சிபாரிசுப்படி ஒழுங்காகப் போடுகிறவருக்கே, வைக்கோலை விற்றால் பற்றாக்குறைதான் விழும். நீங்கள் அதையும் நிறுத்திவிட்டீர்கள்.

பிறகு ஏன் முதல் வருடமே தெரியவில்லை? நம் களிமண் பொட்டாசியத்தை அடுக்குக்குள் அடுக்காகப் பிடித்து வைத்திருக்கும். பயிர் மேலோட்டமாக இருப்பதை எடுக்க எடுக்க, உள்ளிருந்து மெதுவாகக் கசியும். வாய்க்கால் தண்ணீரிலும் கொஞ்சம் வரும். அதனால் பல வருடத்துக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். மணற்பாங்கான பூமியாக இருந்தால் இரண்டு மூன்று போகத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும்.

சாம்பல் சத்துக் குறைந்த பயிரில், பொதிப் பருவத்திலிருந்து நீங்கள் எழுதிய அடையாளம் அத்தனையும் வரும். இந்தச் சத்தைப் பயிர் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். அதனால்தான் காய்ச்சல் பழைய இலையில் ஆரம்பிக்கிறது, அதுவும் நுனியிலும் ஓரத்திலும். (தழைச்சத்துக் குறைந்தாலும் பழைய இலைதான் மஞ்சளாகும், ஆனால் அது ஓரத்தைப் பிடித்துப் போகாது, நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக இறங்கும். வயலில் நின்று ஒரு இலையைப் பறித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.) தண்டு வலுவிழப்பதும் மணி பிடிக்காமல் கருக்காய் ஆவதும் அதே கதை. இதற்கு மேல் யூரியாவைக் கூட்டினால் இலை தளதளவென்று வரும், இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் விருந்துக்கு வரும், பயிர் படுக்கும். மூன்று மூட்டை யூரியா, ஒரு மூட்டை டி.ஏ.பி. சேர்த்தால் ஏக்கருக்கு 71 கிலோ தழைச்சத்து. 60 போதும்.

வைக்கோலில் இன்னொன்றும் போகிறது, சிலிக்கா. நெல் இலையைத் தடவினால் சொரசொரவென்று கையைக் கீறுகிறதே, அதுதான். தாளை நிமிர்த்தி வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. அதற்கு எந்தக் கடையிலும் யாரும் பில் போடுவதில்லை என்பதால் நாம் கணக்கில் வைப்பதே இல்லை.

பைபாஸ் தம்பி சொன்ன துத்தநாகம் சரியான சந்தேகம். ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தண்ணீர் கட்டிய வயலில் மணிச்சத்து இளகும், துத்தநாகம் பிடிபடும். வருடா வருடம் டி.ஏ.பி. ஒரு மூட்டை போட்டால் 23 கிலோ மணிச்சத்து. அறுப்பில் போவது 12 கிலோ போல. மீதி மண்ணில் சேர்ந்துகொண்டே வருகிறது. மணிச்சத்து ஏற ஏற துத்தநாகத்துக்குக் கஷ்டம்.

இதெல்லாம் இருக்கட்டும், மண்ணைப் பார்க்காமல் எழுதுவது மருந்துக்கடையில் நின்று வைத்தியம் கேட்பது மாதிரி. மண்வள அட்டை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில் அதிசயம் இல்லை: 2015-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு இரண்டரை எக்டேர் கட்டம் ஒன்றுக்கு ஒரு மாதிரி என்பதுதான் ஏற்பாடு. உங்கள் தாக்கும் பக்கத்துத் தாக்கும் ஒரே கட்டத்தில் விழுந்திருக்கும். உங்கள் கேள்வியோ இரண்டு வயலுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். அதற்கு நீங்களே தனித்தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். தஞ்சாவூரில் காட்டுத்தோட்டத்தில் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம், இல்லையென்றால் வேளாண் துறையின் பரிசோதனை நிலையம்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவது. இப்போது கோடை, வயல் காய்ந்திருக்கும், நல்ல சமயம். வரப்போரம், மரத்தடி, குப்பை கொட்டின இடம், வாய்மடை (வயலுக்குத் தண்ணீர் நுழையும் இடம்) இதையெல்லாம் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வயலிலும் பத்துப் பதினைந்து இடத்தில், மேலே கிடக்கும் சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' மாதிரி அரை அடி ஆழத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய மண்ணை எடுத்து எறிந்துவிட்டு, குழியின் சரிவில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் ஒரு சீவல். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கட்டி உடைத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ ஆகும் வரை இப்படியே. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். உரச் சாக்கில் மட்டும் போடாதீர்கள். யூரியா சாக்கில் மண்ணைக் கொண்டு வந்து, "தழைச்சத்து ஏகப்பட்டது என்று வந்திருக்கிறதே" என்று சந்தோஷப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். துத்தநாகம் மாதிரி நுண்ணூட்டமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் சில இடத்தில் பார்க்க மாட்டார்கள்.

---

கீழவெளி எழுதியது:

ஐயா, நீங்களும் மூட்டைக் கணக்கிலேயே பேசுகிறீர்கள். ஜீவாமிர்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

---

மண்வெட்டி எழுதியது:

கீழவெளி தம்பி, கோபிக்க வேண்டாம், அதையும் கணக்குப் பார்த்துவிடுவோம். 200 லிட்டருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு, 2 கிலோ வெல்லம். சாணத்தில் 50 கிராம், கோமியத்தில் 100 கிராம், மாவில் 70 கிராம் தழைச்சத்து. எல்லாம் சேர்த்தால் கால் கிலோ கூட இல்லை. ஒரு ஏக்கர் நெல் 2 டன் மணியில் மட்டும் 20 கிலோவுக்கு மேல் எடுத்துப் போகிறது. ஜீவாமிர்தம் நுண்ணுயிரைக் கிளப்பிவிடும், சரி. ஆனால் அந்த உயிர்கள் எதைச் சாப்பிட்டுச் சத்தை விடுவிக்கும்? மண்ணில் மக்கு இருந்தால்தானே. பாரம்பரிய ரகத்தில் உங்களுக்கு ஓடுகிறது என்றால், நீங்கள் வேறு ஏதோ நிறையப் போடுகிறீர்கள். என்ன போடுகிறீர்கள், சொல்லுங்கள்.

---

கீழவெளி எழுதியது:

தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரச்செடி) மடக்கி உழுகிறேன் ஐயா. வைக்கோலை விற்பதில்லை. கோடையில் கிடையும் உண்டு.

---

மண்வெட்டி எழுதியது:

அப்படிச் சொல்லுங்கள்!

---

மறவக்காடு எழுதியது:

கிடை என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கம் இன்னும் நடக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (ஆட்டு மந்தைக்காரர்கள்) அறுப்பு முடிந்ததும் மந்தையோடு இறங்குவார்கள். பகலில் தாள் வயலில் மேயும், ராத்திரி உங்கள் வயலில் வலை கட்டி அடைப்பார்கள். ஒவ்வொரு ராத்திரியும் வலையை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று ராத்திரி படுத்தால் அந்த இடத்தில் மட்டும் சம்பா கருகருவென்று வந்து விழுந்துவிடும். நான் இருட்டுகிற நேரத்தில் போய் நின்று, வலை முனை நேற்று இருந்த இடத்தைத் தொட்டும் தொடாமலும் அடிக்கச் சொல்வேன். கீதாரி சிரிப்பார், ஆனால் செய்வார்.

"ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்" என்பார்கள். புழுக்கை சீக்கிரம் கரையும், அதைவிட மூத்திரம்தான் முக்கியம். கிடை தூக்கினதும் தாமதிக்காமல் மேலாக ஒரு உழவு ஓட்டிவிட வேண்டும். வெயிலில் விட்டால் காலையில் மூக்கைத் துளைக்கிற அந்த நெடி இருக்கிறதே, அது உங்கள் காசுதான் பறக்கிறது.

ஒரு சிக்கல். உளுந்து வயலில் நிற்கும்போது கிடை போட முடியாது. பங்குனியில் உளுந்து எடுத்த பிறகு சித்திரைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நல்ல மந்தைக்குப் போட்டி அதிகம்.

---

கோரையாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மண் கொடுத்து, முடிவு வந்துவிட்டது. முதலில் பெரிய தாக்கு, அடுத்தது கொல்லை வயல்:

கார அமில நிலை 7.9, 7.6
அங்ககக் கரிமம் 0.42, 0.68 சதவீதம்
தழைச்சத்து 204, 248
மணிச்சத்து 34, 26
சாம்பல் சத்து 112, 236
துத்தநாகம் 0.5, 1.4

தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் எக்டேருக்குக் கிலோவில், துத்தநாகம் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு).

மண்வெட்டி ஐயா, சாம்பல் சத்தைப் பார்த்ததும் உங்கள் லாரிதான் ஞாபகம் வந்தது. அப்புறம் ஒன்று யோசித்தேன். எங்கள் மாட்டுக் கொட்டகை கழுவுகிற தண்ணீர் சிறு வாய்க்காலாக ஓடிக் குப்பைக்குழியைத் தாண்டிக் கொல்லை வயல் வாய்மடையில்தான் விழுகிறது. மாமனார் வெட்டின வாய்க்கால். "நாத்தம் வீட்டுப் பக்கம் வராது" என்பதற்காக வெட்டியதாகத்தான் மாமியார் சொல்கிறார்.

இப்போது என் கேள்வி. வைக்கோலை விற்காவிட்டால் அறுப்பு மிஷின் வாடகைக்கு எங்கே போவேன்? விற்காமல் போட்டு உழுதால் நடவுக்குள் மக்குமா? உளுந்து போடுகிறோமே, அது தழைச்சத்துக்கு ஆகாதா? சேர்த்து ஒரு யோசனை சொல்லுங்கள்.

---

மண்வெட்டி எழுதியது:

அந்த வாய்க்காலை மண் மூட விடாதீர்கள் அம்மா. மாடு வைக்கோலில் தின்கிற பொட்டாசியத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில்தான் வெளியே வருகிறது. பெரும்பாலான வீட்டில் அது சாக்கடையில் போய்விடும், சாணம் மட்டும் குழிக்குப் போகும். உங்கள் கொல்லை வயல் பிழைத்திருப்பது அந்த நாத்தத்தால்தான்.

முடிவைப் படிப்போம். சாம்பல் சத்து 118-க்குக் கீழே குறைவு, 280-க்கு மேலே அதிகம். பெரிய தாக்கு குறைவில் விழுந்துவிட்டது. மணிச்சத்து 22-க்கு மேலே அதிகம், இரண்டு வயலும் தாராளம். தழைச்சத்து 280-க்குக் கீழே குறைவு, அது டெல்டாவில் எங்கே எடுத்தாலும் அப்படித்தான் வரும், நம் வெயிலில் மக்கு நிற்பதில்லை. துத்தநாகத்துக்கு நம் பக்கம் 1.2 எல்லை, 0.5 ரொம்பக் குறைவு. பைபாஸ் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

பெரிய தாக்குக்கு, ஏக்கர் கணக்கில்:

டி.ஏ.பி. அரை மூட்டையும் கொஞ்சமும், 33 கிலோ போதும். அதிகமாக இருக்கும் சத்துக்குச் சிபாரிசில் கால் பங்கைக் குறைப்பது வழக்கம். கூடவே பாஸ்போபாக்டீரியா போட்டால் ஏற்கெனவே மண்ணில் முடங்கிக் கிடப்பது கொஞ்சம் இளகும். குறைவான சத்துக்குக் கால் பங்கு கூட்ட வேண்டும், ஆக பொட்டாஷ் 42 கிலோ. பாதி அடியுரமாக, மீதி கதிர் உருவாகும் சமயத்தில். டி.ஏ.பி.யில் மிச்சமாகிற காசு பொட்டாஷுக்கு ஒரு பங்கு உதவும். ஜிங்க் சல்பேட் 10 கிலோ. பசுந்தாள் மடக்கினால் 5 கிலோவே போதும். யூரியாவை இரண்டரை மூட்டைக்கு மேல் ஏற்றாதீர்கள், பசுந்தாள் போட்டால் அதிலும் குறைக்கலாம்.

யூரியாவைத் தண்ணீர் நிற்கும்போது வீசாதீர்கள். வயல் தண்ணீரில் பாசி இருந்தால் பகலில் அந்தத் தண்ணீரின் காரத்தன்மை ஏறும், யூரியா அம்மோனியாவாகி ஆகாயத்துக்குப் போய்விடும். தண்ணீரை வடித்து, சேறாக இருக்கும்போது வீசி, மறுநாள் கட்டுங்கள். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஒரு ராத்திரி வைத்துப் போடுவது பழைய சிபாரிசு, இன்றும் நல்லதுதான். நம் வயலில் போடுகிற யூரியாவில் பயிருக்குப் போய்ச் சேருவது மூன்றில் ஒரு பங்கு போலத்தான்.

உளுந்து விஷயத்தில் ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை இருக்கிறது: உளுந்து போட்டால் தழைச்சத்துத் தானாக நிறைந்துவிடும் என்று. பாதி உண்மை. பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்காமல் தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் சும்மா இருக்கிறது, அடுத்த வருடம் ரைசோபியம் (வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) கலந்து விதையுங்கள். ஆனால் காற்றிலிருந்து பிடித்ததில் பெரும்பகுதி பருப்பில் ஏறி மூட்டையில் போய்விடும். போதாக்குறைக்கு நாம் செடியை வேரோடு பிடுங்கிக் களத்தில் அடித்து, உளுந்தம் பொட்டு என்கிற சக்கையை மாட்டுக்குப் போடுகிறோம். வயலுக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலை. உளுந்தைக் காசுக்குப் போடுங்கள், மண்ணுக்கு என்று அதை மட்டும் நம்பாதீர்கள். முடிந்தால் அரிவாளால் அறுத்து எடுங்கள்.

வைக்கோலைப் பற்றி: நீங்கள் நடுவது புரட்டாசியில். தை, மாசியில் விழுந்த தாளுக்கு மக்க ஆறு ஏழு மாதம் இருக்கிறது, பயம் வேண்டாம். இடையில் இன்னொரு நெல் போகம் இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம். குறுவை, தாளடி போடுகிறவர்களுக்கு நடுவில் சில வாரம்தான், அவர்கள் தாளைச் சேற்றில் அமுக்கி உடனே நட்டால் மக்க வைக்கிற உயிர்கள் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். பொட்டாசியத்துக்கோ மக்கும் வரை காத்திருக்கவே வேண்டாம், தாள் நனைந்தாலே பாதிக்கு மேல் இறங்கிவிடும். கொளுத்த மட்டும் வேண்டாம். சாம்பலில் பொட்டாசியம் மிஞ்சும், தழைச்சத்தும் கந்தகமும் புகையோடு போய்விடும்.

வாடகைக்கு என்ன செய்வது என்று கேட்டால், எல்லாக் கட்டையும் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்றால், அந்தக் காசில் ஏக்கருக்கு ஒரு மூட்டை பொட்டாஷ் விலையை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். மிச்சம் எவ்வளவோ அதுதான் உங்கள் வைக்கோல் வருமானம்.

---

கீழவெளி எழுதியது:

அக்கா, தக்கைப்பூண்டுக்கு நான் சொல்கிறேன், இதில் ஐயாவும் நானும் ஒரே கட்சி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் உங்களுக்குத் தண்ணீர் வந்ததும் விதைத்துவிடுங்கள், ஏக்கருக்கு 20 கிலோ. கோடை மழை நன்றாகப் பெய்தால் வைகாசியிலேயே போடலாம். 40, 45 நாளில் பூ எடுக்கிற சமயம், இடுப்புயரம் வந்திருக்கும், அப்போது மடக்கி உழ வேண்டும். அதற்கு மேல் விட்டால் தண்டு மரமாகிவிடும், ரோட்டவேட்டரில் சுற்றிக்கொண்டு டிரைவர் திட்டுவார். மடக்கிய பிறகு ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் கட்டி அழுக விட்டு நடுங்கள். ஏக்கருக்கு 25, 30 கிலோ தழைச்சத்து இறங்கும், அதுவே ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரை மூட்டை யூரியா.

ஆடு மாடு தொல்லை இருந்தால் கொளிஞ்சி போடுங்கள், மாடு வாய் வைக்காது. ஒரு வருடம் விதை விழுந்தால் அடுத்தடுத்த கோடையில் தானாக முளைக்கும். வளர்ச்சிதான் மெதுவு.

விதை வேளாண் விரிவாக்க மையத்தில் மானியத்தில் கொடுப்பார்கள். முன்கூட்டியே பேர் எழுதி வையுங்கள், எல்லோரும் ஒரே வாரத்தில் போய் நிற்பார்கள்.

---

கோரையாறு எழுதியது:

சரி. யோசித்து இப்படி வைத்திருக்கிறேன். பெரிய தாக்கில் 9 மாவும் தக்கைப்பூண்டு. வைக்கோல் அடுத்த அறுப்பில் 5 மா அப்படியே வயலில், 4 மா மட்டும் கட்டு. அந்த 4 மாவுக்கும் லாரி வேண்டாம், எங்கள் தெருவில் ஏழு மாடு வைத்திருப்பவர் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பாதிக்குக் காசு, பாதிக்கு வண்டிக் கணக்கில் குப்பை. எத்தனை வண்டி கேட்பது நியாயம்?

---

மறவக்காடு எழுதியது:

வண்டிக் கணக்கில் பேசாதீர்கள், டிப்பர் கணக்கில் பேசுங்கள். அப்புறம் குப்பையை இப்போதே ஒரு தடவை போய்ப் பாருங்கள். நிழலில் குழிக்குள் இருக்கிற குப்பையா, மேட்டில் குவித்து மழையிலும் வெயிலிலும் கிடப்பதா என்று. மேட்டுக் குப்பையில் சத்தெல்லாம் வடிந்து போயிருக்கும், அதற்கு வைக்கோலைக் கொடுக்காதீர்கள், காசாகவே வாங்கிக்கொள்ளுங்கள். குழிக் குப்பை என்றால், 4 மா வைக்கோலில் பாதிக்கு இரண்டு டிப்பர் கேளுங்கள், ஒன்றரையில் வந்து நிற்பார்.